வீட்டிலேயே இருந்தும் "வாடிக்கையாளர் இல்லை" என்று எழுதுகிற கூரியரை எப்படிச் சமாளிப்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

நாள் முழுக்க வீட்டிலேயே இருந்திருப்போம், கதவும் திறந்துதான் கிடந்திருக்கும், ஆனால் சாயங்காலம் போனில் ஒரு செய்தி வரும்: "டெலிவரி செய்ய முயன்றோம், வாடிக்கையாளர் வீட்டில் இல்லை." படித்ததும் வருகிற கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபத்தில் பெரும்பாலானவர்கள் கஸ்டமர் கேருக்கு போன் போட்டு, பாட்டுக் கேட்டுக் காத்திருந்து, கத்தி, கடைசியில் "24 மணி நேரத்தில் சரியாகிவிடும் சார்" என்ற பதிலோடு போனை வைத்துவிடுகிறார்கள். மறுநாளும் பார்சல் வராது. முந்தைய நாள் பேசியதற்குக் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

இந்தத் தொல்லைக்கு நான் சொல்கிற வழி ஒன்றே ஒன்றுதான்: யாருக்குப் பணம் கொடுத்தீர்களோ அவரைப் பிடியுங்கள், எழுத்தில் பிடியுங்கள், அன்றைக்கே பிடியுங்கள். கீழே வருவதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான். தமிழ்நாட்டில் இருந்து ஆன்லைனில் வாங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன், சட்டமும் உதவி எண்களும் இந்தியா முழுமைக்கும் பொது.

முதலில், யார் பொறுப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆன்லைனில் ஒரு மிக்ஸி வாங்குகிறீர்கள். அதைக் கொண்டுவரும் கூரியரை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அவருக்கு நீங்கள் பணமும் கொடுக்கவில்லை. விற்பவரோ, விற்பனைத் தளமோ அமர்த்திய ஆள் அவர். அதனால் தளத்தின் சாட்டில் "இது கூரியர் கம்பெனியின் பிரச்சினை, அவர்களைத் தொடர்புகொள்ளுங்கள்" என்று சொன்னால் அதை ஏற்றுக்கொண்டு வெளியே வந்துவிடாதீர்கள். பொருளை உங்கள் கையில் சேர்க்கிற வேலை விற்றவருடையது. கூரியரோடு அவர்கள் எப்படித் தீர்த்துக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் இருவருக்குள் உள்ள கணக்கு.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை 20. அடுத்த சில நாளில், ஜூலை 23 அன்று, ஆன்லைன் வணிகத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. அந்த விதிகளில் நமக்கு வேண்டியவை மூன்று. ஒவ்வொரு ஆன்லைன் வணிக நிறுவனமும் ஒரு குறைதீர் அதிகாரியை நியமித்து அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும். வந்த புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக அவர் ஒப்புதல் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். மூன்றாவது பலருக்குத் தெரியாதது: சொன்ன தேதியைத் தாண்டிப் பொருள் வந்தால், அதைத் திருப்பி எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. வெள்ளம், புயல் மாதிரி அவர் கையை மீறிய காரணத்தால் தாமதம் என்றால் மட்டும் விலக்கு உண்டு.

நீங்களே கவுண்டரில் பணம் கட்டி ஒரு பார்சலை அனுப்புகிறீர்கள் என்றால் கதை வேறு. அப்போது கூரியரின் வாடிக்கையாளர் நீங்கள்தான், அதைக் கடைசியில் பார்க்கலாம்.

ஆர்டர் போடுவதற்கு முன்: முகவரியைச் சரிசெய்யுங்கள்

கூரியரைத் திட்டுவதற்கு முன் நம் முகவரியை ஒரு வெளியூர்க்காரர் கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும். டெலிவரி வேலைக்கு வருகிறவர்கள் அடிக்கடி மாறுகிறார்கள், அந்தத் தெருவுக்கு அன்றுதான் முதன்முறையாக வருகிறவராக இருக்கலாம். "முகவரி முழுமையாக இல்லை" என்று ஒரு பட்டனை அழுத்தி பார்சலைத் திருப்பி அனுப்ப நாமே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது.

சென்னையில் பெரிய குழப்பம் பழைய எண், புதிய எண். ஒரே தெருவில் பழைய 14-ம் உண்டு, புதிய 14-ம் உண்டு, இரண்டும் வேறு வேறு வீடு. "புதிய எண் 27, பழைய எண் 14" என்று இரண்டையும் எழுதுங்கள், கேட்டிலும் இரண்டையும் எழுதி வையுங்கள். புறநகர்களில் இன்னொரு சிக்கல், மனை எண்ணும் கதவு எண்ணும். லேஅவுட் போட்டபோது கொடுத்த மனை எண்ணைத்தான் அக்கம்பக்கம் எல்லோரும் சொல்வார்கள், மின் அட்டையிலும் வீட்டு வரி ரசீதிலும் வேறு எண் இருக்கும். இரண்டில் வீட்டு வாசலில் எது எழுதியிருக்கிறதோ அதுவே முதல் வரியில் வரட்டும்.

அப்புறம் தெருப் பெயர். பாரதியார் தெரு, காந்தி தெரு, பிள்ளையார் கோயில் தெரு இல்லாத ஊரே கிடையாது, ஒரே பின்கோடுக்குள் இரண்டு மூன்று இருக்கும். அதனால் தெருப் பெயரோடு நகர் பெயரைக் கட்டாயம் சேருங்கள், "விரிவாக்கம்" என்று ஒன்று இருந்தால் அதையும். அடையாளமாகச் சொல்வது நிலையானதாக இருக்கட்டும்: தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, பள்ளிக்கூடம், கோயில். செல்போன் கடையும் டீக்கடையும் ஆறு மாதத்தில் இடம் மாறிவிடும், முகவரியில் இருப்பதை நாம் மாற்ற மறந்துவிடுவோம்.

பின்கோடை அலட்சியமாக எழுதாதீர்கள். பார்சல் எந்த கிடங்குக்குப் போக வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அந்த ஆறு இலக்கம்தான் முடிவு செய்கிறது. வேளச்சேரி 600042, பக்கத்திலேயே இருக்கிற பள்ளிக்கரணை 600100. எல்லையில் குடியிருக்கிறவர் "பக்கம்தானே" என்று மற்றதை எழுதினால் பார்சல் வேறு கிடங்குக்குப் போய், அங்கே ஒருவர் "இது நம் பகுதி இல்லை" என்று ஒதுக்கி வைத்து, மறுபடி சுற்றிக்கொண்டு வரும். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதித் தபால்காரரைக் கேளுங்கள், அவரைவிட இதில் தெளிவான ஆள் கிடையாது.

தளத்தில் வரைபடத்தில் இடம் குறிக்கும் வசதி இருந்தால் வீட்டு வாசலில் நின்றுகொண்டு குறியுங்கள், ஆபீசில் உட்கார்ந்து குறிக்காதீர்கள். இரண்டாவது போன் எண் கொடுக்க இடம் இருந்தால் பகலில் வீட்டில் இருப்பவர் எண்ணைக் கொடுங்கள். தெரியாத எண்ணை எடுக்கவே மாட்டேன் என்று இருப்பவர்கள் பார்சல் வரும் நாளில் மட்டுமாவது எடுக்க வேண்டும், ஏனென்றால் டெலிவரி ஆட்களிடம் இருந்து வரும் அழைப்பு எல்லாமே தெரியாத எண்தான்.

பணம் கட்டும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. பழக்கமில்லாத கடை என்றால், பொருள் வந்தபின் பணம் கொடுக்கும் முறை நல்லது. முன்பணம் கட்டித்தான் ஆக வேண்டும், விலையும் அதிகம் என்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், பொருள் வராவிட்டால் வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனையை எதிர்த்து முறையிட வழி இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் சேலை பார்த்து, யாரோ ஒருவரின் யுபிஐ எண்ணுக்குப் பணம் போட்டுவிட்டு கூரியரைத் தேடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. அதில் பல நேரம் பார்சலே கிளம்பியிருக்காது.

டிராக்கிங்கைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

டிராக்கிங் எண்ணை கூரியர்காரர்கள் ஏடபிள்யூபி எண் என்பார்கள். தளம் காட்டும் அழகான படத்தை நம்பாமல், அந்த எண்ணை எடுத்து கூரியர் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் போட்டுப் பாருங்கள், எந்த ஊர்க் கிடங்கில் எத்தனை மணிக்கு ஸ்கேன் ஆனது என்பது அங்கே விவரமாக இருக்கும். அஞ்சல் துறையின் எண் என்றால் பார்த்ததுமே தெரியும்: இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் ஐ.என்.

"லேபிள் உருவாக்கப்பட்டது" என்ற நிலையிலேயே நாலைந்து நாள் நின்றால், விற்பவர் சீட்டை மட்டும் அச்சடித்துவிட்டு பொருளைக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். கூரியரிடம் கேட்டுப் பயனில்லை, விற்பவரைத்தான் கேட்க வேண்டும். "அவுட் ஃபார் டெலிவரி" என்று காலையில் வந்தால், பார்சல் ஒருவர் பையில் ஒதுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான், அன்றைக்கே வந்துவிடும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. "மிஸ்ரூட்" என்றால் வேறு ஊருக்கோ வேறு கிடங்குக்கோ போய்விட்டது, அது தானாகத் திரும்பி வரும், சில நாள் பொறுக்கலாம்.

பயப்பட வேண்டிய சொல் "ஆர்டிஓ". பார்சல் அனுப்பியவருக்கே திரும்பிப் போகிறது என்பதன் சுருக்கம் அது. வழக்கமாக மூன்று முயற்சிக்குப் பிறகுதான் இந்த முத்திரை விழும், சில நிறுவனங்களில் அதற்கு முன்பே விழுந்துவிடும். விழுந்து, பார்சல் உங்கள் ஊர்க் கிடங்கைவிட்டுக் கிளம்பிவிட்டால் நிறுத்துவது மிகவும் கடினம். அதனால் முதல் பொய் முயற்சி பதிவான அன்றே வேலையில் இறங்க வேண்டும், மூன்றாவதுக்காகக் காத்திருக்கக் கூடாது.

இந்தப் பொய் முயற்சி ஏன் நடக்கிறது? பல இடங்களில் டெலிவரி ஆட்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, கொண்டுபோய்ச் சேர்த்த பார்சல் கணக்குக்குத்தான் காசு, பெட்ரோலும் அவர்கள் செலவு. காலையில் பையில் ஏற்றிய ஒவ்வொரு பார்சலுக்கும் இரவுக்குள் ஏதாவது ஒரு நிலையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். மாலை இருட்டிய பிறகு பையில் இன்னும் இருபது மிச்சம் இருந்தால், தூரமாக இருக்கிற வீடு, லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி, சாலை தோண்டிப் போட்டிருக்கிற தெரு இவற்றுக்கெல்லாம் "கதவு பூட்டியிருந்தது" என்று போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இது உச்சத்துக்குப் போகும், வடகிழக்குப் பருவமழையும் அதே சமயத்தில் சேர்ந்துகொள்ளும். காரணம் தெரிந்தால் யார் மீது அழுத்தம் கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும்: தாங்க முடியாத எண்ணிக்கையில் பார்சல் ஏற்றி அனுப்புகிற கிடங்கும், அதற்கு மேலே இருக்கிற நிறுவனமும். வெயிலில் வந்து நிற்கிற அந்தப் பையனை வாசலில் வைத்துத் திட்டுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை, அதனால் அடுத்த பார்சல் நேரத்துக்கு வரப்போவதும் இல்லை.

பார்சல் வருகிற நாளில்

காலையில் "அவுட் ஃபார் டெலிவரி" வந்ததும் பல ஆப்களில் டெலிவரி செய்பவரின் எண்ணோ, அவரை அழைக்கும் வசதியோ தெரியும். அப்போதே ஒரு போன் போட்டு, "தம்பி, வீட்டில் ஆள் இருக்கிறோம், தண்ணீர்த் தொட்டி பக்கத்து வீடு, எத்தனை மணி வாக்கில் வருவீர்கள்?" என்று கேளுங்கள். பேசிய வீட்டை அவர் தவறவிடுவது குறைவு. அதோடு, நீங்கள் அழைத்ததற்கான பதிவு உங்கள் போனிலேயே இருக்கும், அது பின்னால் கை கொடுக்கும். உங்கள் பகுதிக்கு வழக்கமாக வருகிறவர் என்றால் எண்ணைச் சேமித்து வையுங்கள், கோடையில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். நல்லபடியாகக் கொண்டுவந்து தருகிறவர்தான் அதிகம், அவர்களோடு முகப் பழக்கம் இருந்தால் பாதித் தொல்லை வராது.

அடுக்குமாடி என்றால் காவலாளியிடம் ஒரு நோட்டு இருக்க வேண்டும். யார் பார்சல், எந்த கூரியர், எத்தனை மணி, யார் வாங்கினார், அவ்வளவு போதும். "செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டேன்" என்பது வாக்குவாதம் ஆகும்போது அந்த நோட்டைவிடப் பெரிய சாட்சி இல்லை. சங்கக் கூட்டத்தில் இதைப் பேசி முடிவாக்கிக்கொள்ளுங்கள். தனி வீட்டுக்காரர்கள் நம்பகமான ஒரு பக்கத்து வீட்டையோ மளிகைக் கடை அண்ணாச்சியையோ கேட்டுவைத்து, டெலிவரி குறிப்பில் அதை எழுதிவிடலாம். ஆனால் விலை உயர்ந்த பொருளுக்கு இது வேண்டாம், நேரில் வாங்குங்கள், முடியாவிட்டால் வேறு நாளுக்கு மாற்றுங்கள் அல்லது போய் எடுத்துக்கொள்ளும் மையம் அருகில் இருந்தால் அங்கே வரவழையுங்கள்.

வாசலில்: ஓடிபி, பெட்டி, வீடியோ

ஓடிபி என்பது உங்கள் கையெழுத்து. பெட்டி உங்கள் கைக்கு வந்த பிறகுதான் சொல்ல வேண்டும். "கீழே வைத்துவிட்டேன், ஓடிபி மட்டும் சொல்லுங்கள்", "சர்வர் போய்விடும் சார், இப்போதே சொல்லிவிடுங்கள், மதியம் கொண்டுவருகிறேன்" என்று போனில் கேட்டால், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், சொல்லக் கூடாது. ஓடிபி சொல்லிவிட்ட பார்சல் வராமல் போனால், வாங்கவில்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும்.

பெட்டியைச் சுற்றிப் பாருங்கள். நிறுவனத்தின் டேப் மேல் வேறு டேப் ஒட்டியிருக்கிறதா, மூலை நசுங்கியிருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா. சந்தேகம் இருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பும் உரிமை உங்களுக்கு உண்டு, "பெட்டி சேதம்" என்ற காரணத்தையே பதிவு செய்யச் சொல்லுங்கள், "வாடிக்கையாளர் மறுத்தார்" என்று மொட்டையாகப் போட விடாதீர்கள். காகிதத்தில் கையெழுத்து வாங்கினால் "டேப் பிரிந்த நிலையில் பெறப்பட்டது" என்று ஒரு வரி எழுதி அதன் கீழே கையெழுத்து போடுங்கள், அந்தக் காகிதத்தையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

செல்போன், லேப்டாப் போன்றவை என்றால், உங்கள் முன்னாலேயே பெட்டியைத் திறந்து காட்டித் தரும் டெலிவரி முறை தளத்தில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பலர் பாதி பிரித்த பிறகு எடுக்கத் தொடங்குகிறார்கள், அது பயன்படாது. மூடிய பெட்டியின் ஆறு பக்கமும், லேபிளில் டிராக்கிங் எண்ணும் தெரிய ஆரம்பித்து, கத்தி வைப்பது முதல் உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது வரை இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக இருக்க வேண்டும். இன்னொரு வேலையையும் செய்யுங்கள்: பல லேபிள்களில் பார்சலின் எடை அச்சாகியிருக்கும். சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், லேபிளில் 1.2 கிலோ, தராசில் 400 கிராம் என்றால் பிரிப்பதற்கு முன்பே அதையும் வீடியோவில் காட்டிவிடுங்கள். வழியில் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்பதற்கு இது வலுவான ஆதாரம்.

பொய் முயற்சி பதிவானால், அன்று மாலையே

டிராக்கிங் பக்கத்தை நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உங்கள் போனின் அழைப்புப் பட்டியலையும் எடுங்கள், அந்த நேரத்தில் ஒரு மிஸ்டு கால்கூட இல்லை என்பது அதில் தெரியும். வாசலில் கேமரா இருந்தால் அந்த ஒரு மணி நேரப் பதிவை உடனே தனியாகச் சேமித்துவிடுங்கள், பல கேமராக்களில் சில நாளில் பழையது அழிந்து புதியது பதிவாகிவிடும்.

பிறகு இரண்டு இடத்துக்கு எழுத வேண்டும். தளத்தின் சாட்டில், "வீட்டில் ஆள் இருந்தோம், அழைப்பு எதுவும் வரவில்லை, இது பொய்யான பதிவு, நாளை மறு டெலிவரி வேண்டும், பார்சலைத் திருப்பி அனுப்பக் கூடாது" என்று எழுதி, புகார் எண் வாங்குங்கள். கூரியரின் தளத்தில் மறு டெலிவரி கோரும் பகுதி இருந்தால் அங்கேயும் பதிவு செய்யுங்கள். போனில் பேசித்தான் ஆக வேண்டும் என்றால், பேசி முடித்ததும் பேசியவர் பெயர், நேரம், அவர் சொன்னது மூன்றையும் ஒரு மின்னஞ்சலாக அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள், பேச்சு அப்போது எழுத்தாகிவிடும்.

அவசரம் என்றால் கிடங்குக்கே நேரில் போய் எடுத்துக்கொள்ளலாம். டிராக்கிங்கில் கிடங்கின் பெயர் இருக்கும். காலையில் பைகள் பிரிக்கும் நேரத்தில் போனால் பார்சல் கிடைக்காது, வண்டிகள் திரும்பிய பிறகு மாலையில் போங்கள், போவதற்கு முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டையும் ஆர்டர் விவரமும் கையில் இருக்கட்டும். போய் எடுத்ததோடு புகாரை விட்டுவிடாதீர்கள். வீட்டு டெலிவரிக்குப் பணம் கொடுத்துவிட்டு நீங்களே பெட்ரோல் போட்டுப் போய் எடுத்துவர நேர்ந்தது, அதைப் பதிவு செய்தால்தான் அடுத்தவருக்கு நடக்காது.

வராத பார்சல் "டெலிவர்டு" என்று காட்டினால்

இதுதான் உண்மையான ஆபத்து. "டெலிவர்டு" என்று விழுந்த நொடியில் இருந்து திருப்பி அனுப்புவதற்கான காலக்கெடு ஓடத் தொடங்கிவிடுகிறது, பல பொருள்களுக்கு அது 7 நாளோ 10 நாளோதான். "நாளைக்கு வந்துவிடும், நாங்கள் பார்க்கிறோம்" என்று சாட்டில் சொல்லிச் சொல்லி அந்த நாள்களைக் கடத்திவிட்டால், அப்புறம் "காலக்கெடு முடிந்தது" என்பார்கள்.

முதல் ஒரு மணி நேரத்தில் வீட்டார், காவலாளி, இரண்டு பக்கத்து வீடு எல்லோரையும் கேட்டுவிடுங்கள். எங்கள் பகுதியில் ஒரு கூரியர் ஆள் அடுத்த தெருவில் அதே கதவு எண்ணுள்ள வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், கேட்டால் கிடைத்துவிடும். கிடைக்கவில்லை என்றால் அன்றைக்கே தளத்துக்கு எழுதுங்கள், "பார்சல் எங்கே" என்று மட்டும் கேட்காதீர்கள், டெலிவரிக்கான ஆதாரத்தைக் கேளுங்கள். எத்தனை மணிக்குக் கொடுத்தார், எந்த இடத்தில் வைத்துப் பதிவு செய்தார், யார் வாங்கினார், கையெழுத்தோ படமோ எங்கே. பெரும்பாலான நிறுவனங்களின் கருவியில் இதெல்லாம் பதிவாகிறது. நான் எழுதுவது இப்படித்தான் இருக்கும்:

"ஆர்டர் எண் இது, டிராக்கிங் எண் இது. இன்று மாலை 4.10-க்கு டெலிவரி ஆனதாகப் பதிவாகியுள்ளது. பார்சல் எனக்கோ என் வீட்டில் யாருக்குமோ வரவில்லை. நான் யாருக்கும் ஓடிபி தரவில்லை. பெற்றவர் பெயர், கையெழுத்து அல்லது படம், பதிவு செய்த இடத்தின் விவரம் ஆகியவற்றை 48 மணி நேரத்துக்குள் அனுப்புங்கள். ஆதாரம் இல்லையென்றால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். பொருளைப் பெற்றதாக நான் ஒப்புக்கொள்ளவில்லை."

இதைத் தமிழிலும் அனுப்பலாம், ஆங்கிலத்திலும் அனுப்பலாம். கோபச் சொற்கள் வேண்டாம், எண்களும் நேரமும் போதும். அவர்கள் அனுப்புகிற படத்தில் இருப்பது உங்கள் வாசல் இல்லை என்றால், உங்கள் வாசலைப் படம் பிடித்துச் சேர்த்து அனுப்புங்கள்.

பெரிய தொகை என்றால் காவல் நிலையத்திலும் எழுதிக்கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் வந்த பொருளை வேறு யாரோ வாங்கியிருக்கிறார்கள் என்பது திருட்டுப் புகாருக்குரிய விஷயம். அந்த ரசீதின் நகலை இணைத்தவுடன் நிறுவனத்தின் பதில் வேகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

புகாரைப் படிப்படியாக மேலே கொண்டுபோவது

சாட்டில் தீரவில்லை என்றால் நேராகக் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள், தளத்தின் அடிப்பகுதியில் தேடினால் அவருடைய மின்னஞ்சல் இருக்கும். ஸ்கிரீன்ஷாட், அழைப்புப் பட்டியல், முந்தைய புகார் எண்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக இணையுங்கள்.

அவர் பதில் தரவில்லை அல்லது பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி மையம், எண் 1915. தேசிய விடுமுறை நாள்கள் தவிர, காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம், தமிழிலும் பேசலாம். கட்டணம் இல்லை. இவர்கள் தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம் இல்லை, புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருகிறவர்கள். ஆனாலும் சின்னத் தொகைகளுக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது, பெரிய தளங்கள் இங்கே வருகிற புகாரைத் தனியாகக் கவனிக்கின்றன. கார்டில் பணம் கட்டியவர்கள் இதே நேரத்தில் வங்கியிலும் "பொருள் வரவில்லை" என்று எழுத்தில் எதிர்ப்பு தெரிவிக்க வேண்டும், அதற்கும் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். வங்கி 30 நாளில் தீர்க்கவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இங்கே போக மக்கள் தயங்குகிறார்கள், தயங்க வேண்டியதே இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரிலோ குருகிராமிலோ இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 2019 சட்டம் கொண்டுவந்த பெரிய நன்மை இதுதான். பிரச்சினை நடந்ததில் இருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டில் இருந்தே தாக்கல் செய்யலாம். எதிர்த்தரப்பாக விற்பவர், தளம், கூரியர் மூவரையும் சேருங்கள், ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர்கள் அவர் மேல் கைகாட்டுவார்கள். தளம் தன் விற்பனையாளர்களின் பெயரையும் முகவரியையும் காட்ட வேண்டும் என்பது அதே 2020 விதிகளில் இருக்கிறது, பில்லிலும் இருக்கும். மனு போடுவதற்கு முன் 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள், பல விஷயம் நோட்டீஸிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் பொறுமை வேண்டும், சட்டம் மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்றாலும் நடைமுறையில் அதைவிட அதிகமாக இழுக்கும். 300 ரூபாய்ப் பொருளுக்கு இவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் முடிவு. 30,000 ரூபாய் என்றால் கட்டாயம் போங்கள்.

கூரியர் பெயரில் வரும் மோசடி

பார்சலுக்காகக் காத்திருக்கிறவர்தான் இதில் எளிதாக மாட்டுவார். "உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி சரியில்லை, 12 மணி நேரத்துக்குள் இந்த லிங்கில் திருத்துங்கள்" என்று அஞ்சல் துறை பெயரில் வரும் குறுஞ்செய்தி போலி, அரசே எச்சரித்திருக்கிறது. "டெலிவரி ஆளின் எண்ணை இணைக்க *401* போட்டு இந்த எண்ணை அழுத்துங்கள்" என்றோ *21* போடச் சொல்லியோ யாராவது சொன்னால், அது உங்களுக்கு வரும் அழைப்புகளை அவருக்குத் திருப்பிவிடும் தந்திரம், வங்கி ஓடிபி அழைப்பு உட்பட அங்கே போய்விடும். தெரியாமல் அழுத்திவிட்டால் உடனே ##002# அழுத்தி ரத்து செய்யுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். கூகுளில் "கூரியர் கஸ்டமர் கேர்" என்று தேடிக் கிடைக்கும் எண்களையும் நம்பாதீர்கள், நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ ஆப்பிலோ இருக்கிற எண் மட்டும்தான். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், யாரும் ஆர்டர் செய்யாத பார்சலுக்குப் பணம் கேட்டு வந்தால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

நீங்கள் அனுப்புகிறவராக இருந்தால்

கவுண்டரில் தருகிற ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். "எங்கள் பொறுப்பு இவ்வளவு ரூபாய் வரைதான்" என்று அங்கே ஒரு வரி இருக்கும். பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது: கூரியரில் ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணங்கள் உரிய காலத்தில் சேரவில்லை, நஷ்டம் பெரியது, ஆனால் அனுப்பியவர் கையெழுத்திட்ட சீட்டில் பொறுப்பு 100 டாலர் என்று இருந்தது, அதற்கு மேல் கிடைக்கவில்லை. ஆகவே மதிப்புள்ள பொருள் என்றால் மதிப்பை ரசீதில் எழுதச் சொல்லுங்கள், இன்சூரன்ஸ் போடுங்கள், உள்ளே வைப்பதையும் மூடுவதையும் படம் எடுங்கள். பெட்டிக்கு உள்ளேயும் ஒரு முகவரிச் சீட்டு போட்டுவிடுங்கள், வெளி லேபிள் கிழிந்தால் அதுதான் காப்பாற்றும். ஊறுகாய், எண்ணெய்ப் பலகாரம் அனுப்புகிற வீடுகளில் இது முக்கியம், கசிந்த எண்ணெயில் முதலில் அழிவது முகவரிதான்.

சான்றிதழ், பத்திரம் போன்றவற்றுக்கு நான் அஞ்சல் துறையையே நம்புகிறேன். தபால்காரருக்கு மாதச் சம்பளம், வீடும் ஆளும் தெரியும், பொய் முயற்சி எழுத அவருக்குத் தேவை குறைவு. பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது, பெயரில் உள்ளவர் கையில் மட்டும் கொடுக்க வேண்டும் என்றால் அதில் பதிவு வசதியைக் கேட்டு வாங்க வேண்டும், ஓடிபி சொன்னால்தான் கொடுக்கும் வசதியும் 2025 அக்டோபரில் வந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 5 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ஒன்றை மறக்காதீர்கள்: ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் நெடுங்காலமாக இருக்கிற இழப்பீட்டு விதி, கட்டணத்தின் இரண்டு மடங்கு அல்லது 1000 ரூபாய், இதில் எது குறைவோ அது. அதனால் மூலச் சான்றிதழை அனுப்பச் சொல்லிக் கேட்டால், சான்றொப்பமிட்ட நகல் போதுமா என்று முதலில் கேளுங்கள், மூலம்தான் வேண்டும் என்றால் எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள், சேர்ந்த தகவல் வரும் வரை ரசீதைப் பர்ஸிலேயே வைத்திருங்கள்.